அடிமைக்கு ‘மாட்டேன்’ உண்டா?

நாள் ஒன்றுக்கு நான்கு மார்க். தொழில் தெரிந்த ஆளாக இருந்தால் ஆறு.

இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடங்களில் ஜெர்மனியில் ஒரு மனித உயிரை வாடகைக்கு எடுக்க ஆன செலவு இது. வதைமுகாம்களை நடத்திக்கொண்டிருந்த எஸ்.எஸ். படை, கைதிகளைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும். தொழிற்சாலை, தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு எஸ்.எஸ்.ஸுக்குப் பணம் கட்டும். வேலை செய்கிற கைதிக்கு? தண்ணீர் மாதிரி ஒரு சூப். ஒரு துண்டு ரொட்டி. அடி இலவசம்.

நான் பி.காம். படித்தவன். இந்த விவரத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது கைதி கூட இல்லை, அந்தக் கணக்கை எழுதிய குமாஸ்தாதான். யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் வரவு, செலவு என்று பிரித்து எழுதியிருக்கிறார். மாதக் கடைசியில் கணக்கு டேலி ஆனதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். அவரைப் பற்றி இன்னொரு வாரம் தனியாகப் பேச வேண்டும். இப்போது வேண்டாம்.

இந்த வாரம், அந்த நான்கு மார்க்குக்கு வாடகைக்கு விடப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி. அவர் செய்தது சரியா, தப்பா என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. தனியாக நடத்தி அலுத்துவிட்டது. நீங்களும் வந்து உட்காருங்கள்.

பெயர் ஜீனி ரூஸோ. பிரெஞ்சுக்காரர். 1919-ல் பிறந்தவர். பாரீஸில் அரசியல் விஞ்ஞானம் படித்தார், கெட்டிக்காரத்தனமாக. ஜெர்மன் மொழி தண்ணீர் பட்ட பாடு. 1940-ல் ஜெர்மன் ராணுவம் பிரான்ஸுக்குள் நுழைந்தபோது அவருடைய குடும்பம் வடக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்தது. ஊர் மேயருக்கும் ஜெர்மன் அதிகாரிகளுக்கும் நடுவே ஒரு துபாஷி தேவைப்பட்டார். இந்தப் பெண் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. காதில் விழுந்ததையெல்லாம் வெளியே அனுப்பினார். சந்தேகம் வந்து 1941-ல் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆதாரம் கிடைக்கவில்லை. ‘கடற்கரைப் பக்கமே வராதே’ என்று சொல்லி விட்டுவிட்டார்கள். நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்? குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்போம். இவர் பாரீஸுக்குப் போய், ஜெர்மானியர்களோடு நேரடியாகப் புழங்குகிற மாதிரி ஒரு வேலையைத் தேடிப் பிடித்தார். ஜார்ஜ் லமார்க் என்கிற பழைய சிநேகிதரை ஒரு ரயிலில் சந்தித்தார். லமார்க் அப்போது ரகசியமாக ஒரு ஒற்றர் குழு கட்டிக்கொண்டிருந்தார். ஜீனி சேர்ந்துவிட்டார். ரகசியப் பெயர், அம்னியாரிக்ஸ்.

அவர் துப்பாக்கி தூக்கவில்லை. பெட்டகத்தை உடைக்கவில்லை. அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான்: நம்ப மறுத்தார். ஜெர்மன் அதிகாரிகள் கூடிக் குடிக்கிற இடத்தில் போய் உட்காருவார். அவர்கள் தங்கள் புது ஆயுதத்தைப் பற்றிப் பெருமை அடிப்பார்கள். விமானத்தைவிட வேகமாகப் போகும், நூற்றுக்கணக்கான மைல் தாண்டி விழும் என்பார்கள். இவர் கண்களை அகலமாக விரித்து, ‘சும்மா கதை விடாதீங்க. அப்படியெல்லாம் ஒண்ணு இருக்கவே முடியாது’ என்பார். அவ்வளவுதான். ஓர் ஆண்பிள்ளையின் தன்மானம் போதாதா? அந்தப் பெண்ணை நம்ப வைப்பதற்காக ஒருவர் வரைபடத்தையே எடுத்துக் காட்டினார்.

பார்த்ததும் கேட்டதும் அப்படியே மனசில் பதிந்துவிடும். வந்து எழுதிக் கொடுப்பார். பீனமுண்ட என்ற பால்டிக் கடலோர இடத்தில் ஜெர்மானியர்கள் ராக்கெட் செய்கிறார்கள் என்ற அவருடைய அறிக்கை 1943-ல் லண்டனுக்குப் போனது. சர்ச்சில் வரை போனது. 1943 ஆகஸ்ட் 17-ம் தேதி இரவு சுமார் 600 பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்ட மேல் போய்க் குண்டு போட்டன. லண்டனுக்கு வேறு வழிகளிலும் தகவல் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்தப் படையெடுப்புக்குக் காரணமான தகவல்களில் இந்த இருபத்து நான்கு வயதுப் பெண்ணுடையது முக்கியமானது.

1944 வசந்தத்தில் அவரை லண்டனுக்குப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போக ஏற்பாடானது. கிளம்புகிற இடத்தில் காட்டிக்கொடுக்கப்பட்டு மாட்டிக்கொண்டார். மாட்டியபிறகும் பாருங்கள், சிப்பாயோடு நடந்து போகும்போது வேண்டுமென்றே சத்தமாக ஜெர்மனில் பேசிக்கொண்டே போனார். கூட வந்தவர்கள் காதில் விழுந்து தப்பிக்கட்டும் என்று.

இதுவரை சாகசக் கதை. சினிமாவாக எடுக்கலாம். நம் வழக்கு இனிமேல்தான்.

1944 ஆகஸ்டில் அவரை ராவன்ஸ்புரூக்குக்கு அனுப்பினார்கள். பெண்களுக்காகவே கட்டிய வதைமுகாம். பெர்லினுக்கு வடக்கே. அதே காலத்தில் பிரான்ஸில் பிடிபட்ட பிரிட்டிஷ் பெண் ஒற்றர்கள் சிலரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். வயலெட் ஸாபோ, டெனிஸ் ப்ளாக், லிலியன் ரோல்ஃப், ஐலீன் நியர்ன். இந்த நான்கு பெயர்களையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் ஏறக்குறைய 500 பெண்களைப் பொறுக்கி எடுத்து டோர்காவ் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். ஜீனியும் அந்த நான்கு பேரும் அதில் இருந்தார்கள்.

ராவன்ஸ்புரூக்கிலிருந்து வந்தவர்களுக்கு டோர்காவ் சொர்க்கம் மாதிரி. படுக்கக் கொஞ்சம் இடம் இருந்தது. சாப்பாடு கொஞ்சம் பரவாயில்லை. பக்கத்திலேயே பிரெஞ்சுப் போர்க்கைதிகள், ஆண்கள், இருந்தார்கள். வேலியைத் தாண்டி இரண்டு வார்த்தை தாய்மொழியில் காதில் விழும். பாரீஸ் ஏற்கெனவே விடுதலை ஆகிவிட்டது. போர் இன்னும் சில வாரம், மிஞ்சினால் சில மாதம் என்று எல்லாருமே நம்பினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம்.

ஒரே ஒரு சங்கடம். டோர்காவில் இருந்தது வெடிமருந்துத் தொழிற்சாலை. அவர்கள் செய்ய வேண்டிய வேலை, பீரங்கிக் குண்டு.

அந்தக் குண்டு யார் மேல் விழும்? அவர்களை மீட்க வந்துகொண்டிருக்கிற படைகள் மேல். அதில் ஒருத்தியின் அண்ணன் இருக்கலாம்.

ஜீனி முன்னால் போய் நின்று, ‘மாட்டோம்’ என்றார். நாங்கள் போர்க்கைதிகள், ஜெனிவா ஒப்பந்தப்படி எங்களை ஆயுதம் செய்யச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்று முகாம் அதிகாரியிடம் ஜெர்மன் மொழியிலேயே சொன்னார்.

1929-ம் வருட ஜெனிவா ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. ஆனால் அது சீருடை போட்ட சிப்பாய்களுக்கானது. ஒற்றருக்கு அந்தக் குடை கிடையாது. சட்டப் பாயிண்ட்டாகப் பார்த்தால் ஜீனியின் வாதம் ரொம்ப பலவீனம். ஒரு வதைமுகாம் வாசலில் நின்றுகொண்டு, எஸ்.எஸ். அதிகாரியிடம், தனக்குப் பொருந்துமா என்றே சந்தேகமான ஒரு சட்டத்தைக் காட்டி வாதாடுகிறார்! அந்தத் துணிச்சலுக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

‘வேலை செய்ய இஷ்டமில்லாதவர்கள் ராவன்ஸ்புரூக்குக்கே திரும்பிப் போகலாம்’ என்று பதில் வந்தது. பெண்களுக்குள் பெரிய விவாதம். ஜீனி பக்கம் சிலர். ‘இவள் யார், நம்மையும் சேர்த்து மாட்டிவிட?’ என்று சிலர்.

ஜீனியைத் தனிச்சிறையில் போட்டு அடித்தார்கள், குளிர்ந்த நீரை மேலே ஊற்றினார்கள். பிறகு விசாரணைக்காக ராவன்ஸ்புரூக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அக்டோபரில் டோர்காவ் பெண்கள் இரண்டு கூட்டமாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதி வேறொரு தொழிற்சாலைக்கு. இன்னொரு பாதி, ராவன்ஸ்புரூக் வழியாக, கோனிக்ஸ்பெர்க் என்ற இடத்துக்கு. ஓடர் நதிக்குக் கிழக்கே, இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. அங்கே விமானத்தளம் கட்டும் வேலை. உறைபனியில், மெல்லிசான துணியோடு, மண்ணை வெட்டிப் புல்தரையைப் பெயர்த்துச் சுமக்க வேண்டும். அங்கே போனவர்களில் நிறையப் பேர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

ஜீனியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்.

வழக்கு இதுதான். அவர் ‘மாட்டோம்’ என்று சொன்னது சரியா?

வங்கியில் மேனேஜராக இருக்கிற என் நண்பரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். காபி ஆறுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. “என்னப்பா இது? அந்த அம்மா தைரியசாலின்னு ஒத்துக்கறேன். ஆனா பிரயோஜனம்? குண்டு செய்யறது நின்னுச்சா? வேற அம்பது பேரைக் கொண்டுவந்து செஞ்சிருப்பான். நஷ்டம் யாருக்கு? கூட இருந்த பொண்ணுங்களுக்கு. பேசாம வேலையைச் செஞ்சிருந்தா பாதிப் பேராவது பொழைச்சிருப்பாங்க இல்ல?”

வங்கிக்காரர் அப்படித்தான் பேசுவார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். விளைவைப் பார். லாபமா நஷ்டமா பார். நஷ்டம் என்றால் செய்தது தப்பு. நானும் கணக்குப் படித்தவன்தானே. அதே கணக்கைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் பார்ப்போம் என்று தோன்றியது.

அந்த ராக்கெட் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜீனியின் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய வெற்றி அது. பதக்கங்கள் எல்லாம் அதற்காகத்தான். ஆனால் அந்த ஆகஸ்ட் இரவில் பீனமுண்டவில் இறந்தவர்கள் யார்? ஜெர்மன் விஞ்ஞானிகள் மிகச் சிலர். பிடித்துக்கொண்டு வந்து கட்டாய வேலை வாங்கப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பல நூறு பேர். குறி தவறி அவர்களுடைய குடியிருப்பின் மேல் குண்டு விழுந்தது.

அதோடு முடியவில்லை. ‘இனி திறந்த வெளியில் ராக்கெட் செய்ய முடியாது’ என்று முடிவெடுத்த ஜெர்மானியர்கள், தயாரிப்பை ஒரு மலைக்குள் கொண்டு போனார்கள். டோரா என்று பேர். சுரங்கத்துக்குள்ளேயே கைதிகளைத் தூங்க வைத்து, சுரங்கத்துக்குள்ளேயே வேலை வாங்கினார்கள். அந்த முகாமுக்குச் சுமார் 60,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். ஏறக்குறைய 20,000 பேர் செத்தார்கள். வி-2 ராக்கெட் தலையில் விழுந்து இறந்தவர்களைவிட அதைச் செய்யப்போய் இறந்தவர்கள் அதிகம்!

இப்போது என் மேனேஜர் நண்பரின் பேரேட்டில் இதை எங்கே எழுதுவது? கோனிக்ஸ்பெர்க் சாவுகளை ஜீனியின் கணக்கில் பற்று எழுதினால், டோராவையும் எழுதியாக வேண்டும். யாரும் எழுத மாட்டோம். ‘ராக்கெட் தகவலை லண்டனுக்கு அனுப்பியதால்தான் அந்த இருபதாயிரம் பேர் செத்தார்கள்’ என்று எந்தப் புத்தியுள்ள மனிதனும் சொல்ல மாட்டான். கொன்றவன் எஸ்.எஸ்.காரன். அது நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. அப்படியானால் கோனிக்ஸ்பெர்க் விஷயத்தில் மட்டும் ஏன் கண் மங்குகிறது?

ஏன் என்றால், அங்கே ஒரு தந்திரம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் பார்த்த தந்திரம்தான். ஒரு பையன் எதிர்த்துப் பேசுவான். வாத்தியார் மொத்த வகுப்பையும் முட்டி போட வைப்பார். அரைமணி நேரம் கழித்து வகுப்புக்கு யார் மேல் கோபம் வரும்? வாத்தியார் மேலா? அந்தப் பையன் மேல். ‘உன்னாலதான்டா’ என்று இன்டர்வெல்லில் அவனைச் சாத்துவார்கள். வாத்தியாருக்கு இனி வேலையே இல்லை. வகுப்பே அவருக்குப் பதிலாகப் பிரம்பு எடுத்துக்கொண்டது.

இப்படியெல்லாம் வாதாடி ஜீனியை விடுதலை செய்துவிடலாம். ஆனால் அது ரொம்பச் சுலபமான தீர்ப்பு. எனக்கு அதில் திருப்தி இல்லை.

ஏனென்றால், மறுத்தால் தண்டனை வரும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தண்டனை தன் ஒருத்தியோடு நிற்காது என்பதும் தெரிந்திருக்கும். ராவன்ஸ்புரூக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். அந்த 500 பேரில் பலர் பெற்றவர்கள். வயலெட் ஸாபோவை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 23. கணவர் 1942-ல் எல் அலமைன் போரில் இறந்துவிட்டார். லண்டனில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. ‘இன்னும் சில வாரம்தான், குனிந்து வேலையைச் செய்துவிட்டு என் குழந்தையிடம் போகிறேன்’ என்று அப்படி ஒரு தாய் சொல்லியிருந்தால், அவளைக் கோழை என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வராது. தன் உயிரை வைத்துத் தைரியம் காட்டலாம். பக்கத்தில் இருப்பவளின் உயிரை வைத்துக் காட்டலாமா? ‘நான் மாட்டேன்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ‘நாங்கள் மாட்டோம்’ என்று சொல்ல யார் அதிகாரம் கொடுத்தது?

சங்கக் கூட்டம் போட்டு, கோரம் பார்த்து, தீர்மானம் நிறைவேற்றிவிட்டு வந்து மறுக்க முடியாது என்பது வாஸ்தவம். வரிசையில் நிற்கும்போது, சில நிமிஷத்துக்குள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். தனியாக ஒருத்தி ‘நான்’ என்று சொன்னால் அதற்கு ஒரு தோட்டா போதும். ‘நாங்கள்’ என்றால் எதிராளி கொஞ்சம் யோசிப்பான். நம் ஊர் வேலைநிறுத்தங்களிலேயே பார்க்கிறோமே. முதல் ஆள் எப்போதும் மற்றவர்களைக் கேட்காமல்தான் எழுந்து நிற்கிறான். எல்லாரும் ஒப்புக்கொள்ளட்டும் என்று காத்திருந்தால் எழுந்திருக்கவே முடியாது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு, வேலையைக் கெடுப்பது. திருகாணியை முழுக்க முறுக்காமல் விடுவது. மருந்தைக் குறைத்து அடைப்பது. டோரா சுரங்கத்தில் கைதிகள் இதைச் செய்தார்கள். சந்தேகப்பட்டவர்களைக் கிரேனில் தூக்கிலிட்டு, மற்றவர்களை அதன் கீழே நடக்க வைத்தார்கள். அப்படியும் செய்தார்கள்.

யோசித்தால், ஜீனிக்கு அந்த வழிதானே கைவந்த கலை? மூன்று நான்கு வருடம் ஜெர்மானியர்கள் முன்னால் சிரித்துச் சிரித்து, தலையாட்டித் தலையாட்டி வாழ்ந்தவர் அவர். பொய்யான ‘ஆமாம்’ சொல்வதில் ஐரோப்பாவிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் ஏன் டோர்காவில் மட்டும் வெளிப்படையாக, அத்தனை பேர் நடுவில், ‘மாட்டோம்’ என்று சொன்னார்?

நான் மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டது இந்தக் கேள்விக்காகத்தான். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒற்றராக இருந்தபோது அவர் சொன்ன ‘ஆமாம்’ பொய். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் முழுசாக அவராகவே இருந்தார். ஜெர்மானியனுக்கு ஊற்றிக் கொடுத்த ஒயினுக்கும் ஒரு விலை வைத்திருந்தார், அதை வசூலும் செய்தார். தொழிற்சாலையில் அப்படி இல்லை. மனசுக்குள் எத்தனை சாபம் விட்டுக்கொண்டே செய்தாலும் குண்டு நிஜமான குண்டு. நிஜமாகவே வெடிக்கும். ‘உள்ளுக்குள் நான் சம்மதிக்கவில்லை’ என்பது அந்தப் பீரங்கிக்குத் தெரியாது. ஒற்றரின் கை கடைசிவரை அவருடைய கை. அடிமையின் கை அப்படி இல்லை; தோளில் ஒட்டியிருக்கும், வேலை செய்வது இன்னொருவனுக்கு. ஒற்றராக இருந்தவரையில் ஜீனிக்கு ‘மாட்டேன்’ என்ற வார்த்தையே தேவைப்படவில்லை. அடிமையானபிறகுதான் தேவைப்பட்டது.

வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பத்துக் குறள். என்ன செய்தாலும் தளர்ந்துபோகாதவன்தான் ஒற்றன் என்கிறார் ஓரிடத்தில். அரசனுக்குச் சொன்ன அதிகாரம் அது. எப்படிப்பட்ட ஆளை அனுப்ப வேண்டும், எப்படி வேலை வாங்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. பிடிபட்டபிறகு அந்த ஆள் என்ன செய்ய வேண்டும், எதிரியின் பட்டறையில் சம்மட்டி பிடிக்கலாமா என்பது அதில் இல்லை. ஜெனிவாவிலும் இல்லை. ஜீனி வெறும் கையோடு போய் நின்றார்.

அந்த நான்கு பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அவர்களிடம் வருவோம்.

வயலெட், டெனிஸ், லிலியன் மூவரையும் கோனிக்ஸ்பெர்க்குக்கு அனுப்பினார்கள். 1945 தொடக்கத்தில் ராவன்ஸ்புரூக்குக்குத் திருப்பி வரவழைத்துச் சுட்டுக் கொன்றார்கள். சுடும்போது டெனிஸாலும் லிலியனாலும் நடக்கக்கூட முடியவில்லை. வயலெட்டுக்கான ஜார்ஜ் கிராஸ் பதக்கத்தை 1947 ஜனவரியில் மன்னரிடமிருந்து வாங்கிக்கொண்டது அவருடைய மகள். வயது நான்கு.

ஐலீன் நியர்ன் கதை வேறு. வயலெட், தான் பிரிட்டிஷ் பிரஜை என்று ஜெர்மானியர்களிடம் சொல்லியிருந்தார். இங்கிலாந்துக்காரி என்றால் கொஞ்சம் கௌரவமாக நடத்துவார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஐலீன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தான் ஒரு சாதாரண பிரெஞ்சுப் பெண், கடையில் வேலை பார்த்தவள் என்ற பொய்யைக் கடைசிவரை விடவே இல்லை. இன்னொரு பாதிக் கூட்டத்தோடு வேறு முகாமுக்குப் போனார். அங்கே அவரும் வேலை செய்ய மாட்டேன் என்றார். தலையை மொட்டை அடித்தார்கள். இருபது நிமிஷம் அவகாசம் கொடுத்தார்கள், அதற்குள் மனசு மாறாவிட்டால் சுட்டுவிடுவோம் என்று. ஐலீன் வேலைக்குப் போனார். 1945 ஏப்ரலில் கைதிகளை நடத்திக் கூட்டிக்கொண்டு போகும்போது இருட்டில் காட்டுக்குள் ஓடித் தப்பித்தார்.

ஜீனி? அவர் ராவன்ஸ்புரூக்குக்கு வந்து சேர்ந்தபோது தன் நிஜப் பெயரைச் சொல்லியிருந்தார். அவரைப் பற்றிய ஜெர்மன் ஃபைல் பொய்ப் பெயரில் இருந்தது. அந்தப் பெயரையும் இந்தப் பெயரையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ராக்கெட் ரகசியத்தைக் கொண்டுபோன பெண் தங்கள் கையிலேயே இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

பாருங்கள், ஒருவரைப் பொய் காப்பாற்றியது. ஒருவரை உண்மை காப்பாற்றியது. இன்னொருவருக்கு உண்மை உதவவில்லை. ‘மாட்டேன்’ என்றவர் பிழைத்தார். ‘மாட்டேன்’ என்றுவிட்டுப் பிறகு ‘சரி’ என்றவரும் பிழைத்தார். இதிலிருந்து எந்த ஃபார்முலாவை எடுப்பது? என் மேனேஜர் நண்பரிடம் இதையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, அந்தக் கோனிக்ஸ்பெர்க்குக்குப் போன லாரியில நீ இருந்திருந்தா?” என்றார்.

“அந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன்” என்றேன். நிஜமாகவே திட்டியிருப்பேன். அந்தத் திட்டிலும் நியாயம் இருந்திருக்கும். அவர் சொன்ன ‘மாட்டோம்’ சரி என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒன்றோடு ஒன்று கழித்துக்கொள்ள முடியவில்லை. பேரேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் அப்படியே இருக்கின்றன.

ஜீனியோடு முகாம் முகாமாக வந்த இரண்டு சிநேகிதிகள் இருந்தார்கள். ஒருவர் பிரபு வம்சத்துச் சீமாட்டி. இன்னொருவர் கம்யூனிஸ்ட். வெளியே இருந்திருந்தால் ஒரே தெருவில்கூட நடந்திருக்க மாட்டார்கள். கோனிக்ஸ்பெர்க்கில் இனி இருந்தால் சாவு நிச்சயம் என்று தெரிந்தபோது, டைஃபஸ் ஜுரத்தில் கிடந்தவர்களை ராவன்ஸ்புரூக் விஷவாயு அறைக்கு ஏற்றிக்கொண்டு போகிற லாரியில் மூவரும் ஒளிந்து ஏறிக்கொண்டார்கள். லாரி முகாமுக்குள் போனதும் நழுவிக் கூட்டத்தோடு கலந்தார்கள். 1945 ஏப்ரலில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் வெள்ளை பஸ்கள் வந்தபோது, காசநோயில் கிட்டத்தட்டச் சாகக் கிடந்த ஜீனியும் அதில் ஏற்றப்பட்டார்.

ஸ்வீடனில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்த ஒருவரைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் பல வருடம் ஐக்கிய நாடுகள் சபை போன்ற அமைப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். போர்க்காலத்தைப் பற்றி அநேகமாக யாரிடமும் பேசவில்லை. 1990-களில்தான் கொஞ்சம் வாய் திறந்தார். 2017 ஆகஸ்டில், 98-வது வயதில் இறந்தார்.

ஐலீன் அதற்கு ஏழு வருடம் முன்பே, 2010 செப்டம்பரில், இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில் தன் ஃபிளாட்டில் தனியாக இறந்துபோனார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவர் யார் என்று தெரியாது. பூனைமேல் பிரியமான ஒரு பாட்டி என்று மட்டும் தெரியும். சவ அடக்கச் செலவை ஏற்க உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று தேடி வந்த நகராட்சி ஊழியர்கள் அலமாரியைத் திறந்து பார்த்தபோதுதான், உள்ளே பதக்கங்கள் இருந்தன.